அசையாமல் நிற்க ஓடும் சக்கரங்கள்

காற்றும் நில அதிர்வும் இல்லாத விண்வெளியில் ஒரு தொலைநோக்கியைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் அது தானே அசையாமல் நிற்கும் என்று தோன்றுவது இயல்பு. நடப்பதோ நேர்மாறு. தரையில் இருக்கும் தொலைநோக்கிக்குப் பாறைமேல் போட்ட கான்கிரீட் அடித்தளம் உண்டு. விண்ணில் பற்றிக்கொள்ள எதுவும் கிடையாது. மிகச் சிறிய விசையும் கருவியைத் திருப்பத் தொடங்கும், தடுக்க உராய்வும் இல்லை. அந்த விசை பல நேரம் கருவிக்குள்ளிருந்தே பிறக்கிறது. 1990-இல் ஏவப்பட்ட ஹப்பிள், ஏறத்தாழ 95 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. நிழலிலிருந்து வெயிலுக்கும் வெயிலிலிருந்து நிழலுக்கும் மாறும் போதெல்லாம் அதன் சூரியத் தகடுகளின் சட்டங்கள் வெப்ப மாற்றத்தால் விருட்டென்று நெளிந்து, தொலைநோக்கி முழுவதையும் நடுங்கவைத்தன. ஹப்பிளின் முதன்மை ஆடியில் இருந்த குறையைப் பற்றி அப்போது உலகமே பேசியது. இந்த நடுக்கத்தையும் அதே அளவு பேசியிருக்க வேண்டும். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் அந்தத் தகடுகளையும் மாற்றினார்கள்.

ஆக, அசையாமை என்பது அங்கே ஓயாத வேலை. கைரோஸ்கோப் திரும்பலை உணர்கிறது. வழிகாட்டு உணரிகள் குறித்த சில விண்மீன்களை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஹப்பிளின் நான்கு கனத்த சக்கரங்கள் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் சுழல, தொலைநோக்கி அதற்கு எதிர்த்திசையில் மெல்லத் திரும்புகிறது. வாயுவைப் பீய்ச்சித் திருப்பலாமே என்றால், அது ஆடியில் படிந்து கெடுத்துவிடும். ஹப்பிளில் உந்துபொறியே இல்லை. இவ்வளவும் சேர்ந்து, ஒரு டிகிரியை 5 லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அளவுக்குள் அதன் பார்வையை நிறுத்திவைக்கின்றன.

இவ்வளவு பாடு எதற்கு, கலங்கிய படத்தைக் கணினி திருத்தாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், விண்மீன்களின் ஒளி மங்குவதைக் கொண்டு கோள்களைத் தேடிய கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி அதற்குப் பதில் சொல்கிறது. சூரியனைப் போன்ற விண்மீனின் குறுக்கே பூமியளவுக் கோள் போகும்போது ஒளி 10,000-இல் ஒரு பங்குகூடக் குறையாது. விண்மீனின் பிம்பம் ஒரு பிக்சலிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தாலே அதைவிடப் பெரிய மாற்றம் பதிவாகிவிடும். 2012-இல் ஒன்றும் 2013-இல் இன்னொன்றுமாகக் கெப்ளரின் நான்கு சக்கரங்களில் இரண்டு நின்றுபோயின. குறைந்தது மூன்று வேண்டும். பொறியாளர்கள் சூரிய ஒளியின் அழுத்தத்தையே துணைக்கு அழைத்தார்கள். கூரை முகட்டில் விழும் மழை இருபுறமும் சமமாக வழிவதுபோல, தகடுகளின் இரு பக்கமும் ஒளி சமமாகத் தள்ளும்படி கருவியை நிறுத்தினார்கள். அப்படியும் அது மெல்லச் சுழன்று விலகியது. சுமார் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை உந்துபொறி அதைப் பழைய இடத்துக்குத் தள்ளியது. விண்மீன்கள் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே பிக்சல்களின் மேல் அதே பாதையில் நகர்ந்ததால்தான் மென்பொருளால் அந்தப் பிழையைக் கற்றுக் கழிக்க முடிந்தது. தாறுமாறாகத் தள்ளாடியிருந்தால் கற்க எதுவும் இருந்திருக்காது. 2018 அக்டோபரில் உந்துபொறிக்கான எரிபொருள் தீர்ந்தது; பெரும்பாலும் நல்ல நிலையிலிருந்த ஒளி உணரிகளோடு கெப்ளரின் பணி நிறுத்தப்பட்டது.