சுவரே ஸ்பீக்கர் பாக்ஸ்! 'இன்ஃபினிட் பேஃபிள்' சப்வூஃபர் பொத்தேரி ஃப்ளாட்டுக்கு செட் ஆகுமா?

படத்தில் குண்டு வெடித்தால் சோபா அதிரணும். ஆனா ஹாலில் பெரிய பாக்ஸ் எதுவும் தெரியக் கூடாது. இந்த ஆசைக்கு ஹோம் தியேட்டர் பிரியர்கள் சொல்லும் வழிதான் 'இன்ஃபினிட் பேஃபிள்' சப்வூஃபர். பொத்தேரி, கூடுவாஞ்சேரி பக்கம் ஃப்ளாட்டில் இருப்பவர்கள் இதைச் செய்யலாமா?

அப்படின்னா என்ன?

ஸ்பீக்கர் கோன் முன்னால் நகரும்போது முன்பக்கம் காற்றழுத்தம் கூடும், பின்பக்கம் குறையும். இந்த இரண்டு அலைகளும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். பேஸ் காணாமல் போகும். அதைத் தடுக்கத்தான் பாக்ஸ். இந்த முறையில் பாக்ஸுக்குப் பதில் சுவர். சுவரில் துளை போட்டு வூஃபரைப் பொருத்துவார்கள். முன்பக்க ஒலி ஹாலுக்கு, பின்பக்க ஒலி அடுத்த ரூமுக்கு.

என்ன லாபம்?

சின்ன பாக்ஸில் அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி கோனைத் தடுக்கும். ஒரு ரூம் அளவு காற்று அப்படித் தடுக்காது. அதனால் 20 ஹெர்ட்ஸ் வரை பேஸ் இயல்பாக இறங்கும். வூஃபர்களை எதிரெதிராக மாட்டினால் சுவர் அதிர்வும் குறையும்.

எவ்வளவு இடம் வேணும்?

வூஃபரின் விவரத் தாளில் 'வி.ஏ.எஸ்' என்று ஓர் அளவு லிட்டரில் இருக்கும். பின்பக்க இடம் அதைப் போல 10 மடங்கு இருப்பது நல்லது. 250 லிட்டர் வூஃபர் இரண்டு என்றால் 5,000 லிட்டர் தேவை. 5 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயர பரணில் இருப்பது சுமார் 1,130 லிட்டர்தான். 10-க்கு 10 அடி பெட்ரூம் என்றால் தாராளம்.

பக்கத்து வீட்டுக்குக் கேட்குமா?

சிக்கலே இதுதான். பேஸ் சுவரைத் தாண்டி எளிதாகப் போகும். ஒலி மாசு விதிகள் 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. ஆனால் இந்த அளவீடு மனிதக் காதை ஒட்டியது. ஆழமான பேஸைக் குறைத்தே கணக்கிடும். 31.5 ஹெர்ட்ஸில் 80 டெசிபல் ஒலி வந்தாலும் மீட்டரில் சுமார் 41 என்றே காட்டும். மீட்டர் 'ஓகே' சொன்னாலும் பக்கத்து வீட்டில் தூக்கம் கெடும்.

யாருக்கு செட் ஆகும்?

தனி வீடு, ஹாலை ஒட்டி சொந்தமாக ஒரு ரூம் இருந்தால் செய்யலாம். தூண், பீம், பாரம் தாங்கும் சுவரில் கை வைக்கவே கூடாது. முதலில் சிவில் இன்ஜினியரைக் கேளுங்கள். வாடகை வீடு, பொதுச் சுவர் உள்ள ஃப்ளாட் என்றால் மூடிய பாக்ஸ் சப்வூஃபரே போதும். இரவு 10 மணிக்கு மேல் அதையும் ஆஃப் பண்ணிடுங்க.