கட்ஃபேல் துறவியின் மூலிகைத் தோட்டம்: எல்லிஸ் பீட்டர்ஸின் மத்தியகால மர்ம நாவல்கள்

1138ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரிக் கோட்டையை ஸ்டீபன் மன்னன் பிடிக்கிறான். கோட்டையைக் காத்து நின்றவர்களைத் தூக்கிலிடச் சொல்கிறான். இது சரித்திரம். அந்தச் சரித்திரத்துக்குள் ஒரு நாவல் நுழைகிறது. தூக்கிலிடப்பட்டவர்கள் 94 பேர் என்கிறது அரச கணக்கு. உடல்களை அடக்கம் செய்ய வந்த துறவி எண்ணிப் பார்த்தால் 95. மேலதிகமான ஓர் உடலில் தூக்குக் கயிற்றின் தடம் இல்லை, பின்னாலிருந்து கழுத்தை நெரித்த தடம்தான் இருக்கிறது. இத்தனை மரணத்துக்குள் ஒரு மரணத்தை யார் தேடப்போகிறார்கள் என்று கொலைகாரன் நினைத்திருக்கிறான். துறவி விடவில்லை. யுத்த காலத்தில் உடல்களை எண்ணுவது என்றால் என்னவென்று நம் நாட்டு வாசகருக்கு விளக்கத் தேவையில்லை.

துறவியின் பெயர் கட்ஃபேல். படைத்தவர் எல்லிஸ் பீட்டர்ஸ். அது புனைபெயர், சொந்தப் பெயர் எடித் பார்ஜிட்டர். 1913இல் ஷ்ரொப்ஷயர் மாவட்டத்தில் பிறந்து, ஏறக்குறைய வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்தவர். சரித்திரத்தில் பெரிய பட்டம் எடுத்தவரா என்று கேட்டால், இல்லை, பல்கலைக்கழகப் பக்கமே போகாதவர். 1930களில் டோலி என்ற சிற்றூரில் மருந்துக்கடை உதவியாளராக வேலை பார்த்தார். யுத்தத்தின்போது கடற்படையின் பெண்கள் பிரிவில் சேவை செய்தார். பின்னர் செக் மொழியைக் கற்று, அதன் இலக்கியங்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். இதில் அந்த மருந்துக்கடை வருடங்களைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்ஃபேலின் முதல் நாவல் 1977இல் வந்தது. துறவி துப்பறியும் கதை என்றதும் பலருக்கு உம்பர்ட்டோ ஈக்கோதான் ஞாபகம் வரும். ஈக்கோவின் நாவல் மூன்று வருடம் பிந்தியது. பார்ஜிட்டர் 1994 வரை இந்த வரிசையில் 20 நாவல்கள் எழுதினார். எல்லாமே ஸ்டீபனும் மோட் அரசியும் முடிக்காக அடித்துக்கொண்ட உள்நாட்டுப் போர்க் காலத்தில் நடப்பவை. டெரிக் ஜகோபி நடித்துத் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. பார்த்தவர்களும் நாவலைத் தேடி வாசிப்பது நல்லது.

12ஆம் நூற்றாண்டில் கைரேகையும் இல்லை, இரசாயனப் பரிசோதனையும் இல்லை. அப்படியிருக்க எப்படித் துப்பறிவது? கட்ஃபேலின் கையில் இருப்பது மூலிகை அறிவு. உடுப்பில் ஒட்டியிருக்கும் ஒரு விதை, காயத்தில் கிடக்கும் ஒரு இலை, கிண்ணத்தின் ஓரத்தில் மிஞ்சிய வாசனை, இவையே அவருக்குச் சாட்சி. மூட்டுவலிக்குப் பூசவென்று அவரே காய்ச்சிய எண்ணெய் ஒரு நாவலில் நஞ்சாகிறது. நம் வைத்தியர்கள் வச்சநாவி என்று சொல்வார்களே, அந்த இனத்துச் செடியின் எண்ணெய். மேலே பூசினால் மருந்து, உள்ளே போனால் மரணம். யாரோ அதைச் சாப்பாட்டில் கலந்துவிடுகிறார்கள். கொலைக்கான காரணமோ காணிச் சட்டத்தில் ஒளிந்திருக்கிறது. திருமணத்துக்கு வெளியே பிறந்த மகனுக்கு ஆங்கிலேயச் சட்டத்தில் சொத்துரிமை இல்லை. தகப்பன் ஏற்றுக்கொண்டிருந்தால் வேல்ஸ் நாட்டுச் சட்டத்தில் உண்டு. எல்லைக்கு எந்தப் பக்கம் காணி கிடக்கிறது என்பதில்தான் முழுக் கதையும் தொங்குகிறது. சரித்திர நாவல் என்றால் குதிரையும் வாளும் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் வாசிக்க வேண்டிய இடம் இது.

கட்ஃபேல் இந்த வித்தையை எங்கே படித்தார்? மடத்தில் அல்ல. இளமையில் அவர் சிலுவை யுத்தத்துக்குப் போன படைவீரன். அந்தியோக்கியாவிலும் ஜெரூசலத்திலும் இருந்தவர். அங்கே எதிரி என்று சொல்லப்பட்ட மக்களிடம்தான் மருந்தைக் கற்கிறார். அவர் தோட்டத்தில் கசகசாச் செடி வளர்வதும், வலிக்கும் தூக்கமின்மைக்கும் அதன் பாகைக் கொடுப்பதும் அந்த உறவின் அடையாளம். மருந்துக்கடையில் நின்ற பெண்ணுக்கு, மருந்து எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இயல்பாகவே வந்திருக்கும் போலும்.

உஸாமா இப்னு முன்கித் (1095–1188) கட்ஃபேல் காலத்து மனிதர், கற்பனையல்ல. காலில் கட்டி வந்த ஒரு ஃபிராங்கிய வீரனின் கதையை அவர் தமது ‘கிதாபுல் இஃதிபா’ரில் சொல்கிறார். உள்ளூர் வைத்தியர் பத்துப்போட்டுக் குணமாக்கிக்கொண்டிருக்கையில், ஃபிராங்கிய வைத்தியர் வந்து கோடரியால் காலை வெட்டுவிக்கிறார், வீரன் செத்துப்போகிறான். இதை எடுத்துச் சொல்லி நாம் பெருமைப்படுவதுண்டு. ஆனால் அந்த உள்ளூர் வைத்தியர் முஸ்லிமல்ல, தாபித் என்ற கிறிஸ்தவர். அறிவு அந்தப் பிரதேசத்துடையதாக இருந்தது. பார்ஜிட்டரும் அதைத்தான் பிடித்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

1981இல் வந்த தொழுநோயாளி நாவல் இன்னும் ஆழமானது. முடிச்சை அவிழ்க்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அஸ்கலானில் பாத்திமிகளிடம் சிறைப்பட்ட ஒரு பிரபு இறந்துவிட்டதாக ஊரார் நம்புகிறார்கள். உண்மையில் அவருக்குத் தொழுநோய் இருப்பதைப் பாத்திமி வைத்தியர்கள் கண்டுபிடிக்கிறார்கள். அவர் கேட்டுக்கொண்டதற்காக, இறந்தார் என்றே செய்தி அனுப்பி அவரது மானத்தைக் காக்கிறார்கள். எதிரிக்குக் கொடுத்த வாக்கு அது. ஐரோப்பியச் சரித்திரக் கதைகளில் ‘சரசேனியர்’ என்றாலே பல்லைக் கடித்துக்கொண்டு வாள் வீசுகிறவர்கள்தானே. இங்கே அவர்கள் மனிதர்களாக இருக்கிறார்கள்.

எல்லாம் சரி, மர்யமின் விஷயம் எனக்கு உறுத்துகிறது. அந்தியோக்கியாவில் கட்ஃபேல் நேசித்த விதவை அவள். அவளிடம் தமக்கொரு மகன் பிறந்ததே அவருக்குத் தெரியாது. பல வருடங்களுக்குப் பின், 1982இல் வெளிவந்த நாவலில், பனிக்காட்டில் ஓர் இளைஞனைச் சந்தித்து, அவன் உம்மாவின் பெயரைக் கேட்டு, மனதுக்குள் கணக்குப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். நானே உன் வாப்பா என்று சொல்லாமல் அனுப்பிவிடுகிறார். மிக அழகான இடம் அது. ஆனால் தாவூதாகப் பிறந்த அந்தப் பிள்ளை, உம்மா மௌத்தான பிறகு வாப்பாவின் மார்க்கத்தைத் தேடிப் போய் ஒலிவியே ஆகிவிட்டான். நாவலுக்குள் அவன் நுழைய வேறு வாசல் வைக்கப்படவில்லை. மர்யமோ மற்றவர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறாள். மூலிகை பற்றி அத்தனை பக்கம் எழுதிய கை, அவளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

கடைசி நாவலில் அந்த மகன் சிறைப்படுகிறான். கட்ஃபேல் மடத்தின் அனுமதி காலம் கடந்த பிறகும் திரும்பாமல் அவனைத் தேடிப் போகிறார். உண்மையும் அப்போதுதான் வெளிவருகிறது. அது அச்சேறிய அடுத்த வருடம், 1995 ஒக்டோபரில், பார்ஜிட்டர் காலமானார்.