தோசைக்கல்லும் வௌவாலின் நாக்கும்

கென்யாவின் எல்கான் மலையில் கிட்டும் என்றொரு குகை இருக்கிறது. யானைகள் இரவில் அதற்குள் நுழைந்து, உப்புக்காகப் பாறையைத் தந்தத்தால் பெயர்த்துத் தின்னும். அந்தக் குகையின் கூரையில் தொங்கும் குடிகளில் ஒன்று எகிப்தியப் பழந்தின்னி வௌவால். இறக்கை விரித்தால் இரண்டடி அகலம். மனிதக் கண்ணுக்கு எதுவுமே தெரியாத இருட்டிலும் அது பறந்து வந்து, சுவரில் முட்டாமல், கூட்டத்துக்கு நடுவே இடம் பார்த்துத் தொற்றிக்கொள்கிறது.

நம் ஊர் ஆலமரத்தில் தொங்கும் பெரிய பழந்தின்னிக்கு இது கைவராது. அது கண்ணையும் மூக்கையும் நம்பிப் பிழைப்பது. பூச்சி பிடிக்கும் சிறு வௌவால்கள் தொண்டையிலிருந்து கீச்சொலி எழுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்கின்றன. எகிப்தியப் பழந்தின்னியின் வழி இரண்டிலும் சேராது. அது நாக்கால் சொடுக்குகிறது. ஒரு சொடுக்கு நீடிப்பது நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான், சில வேளை அதற்கும் குறைவு. அதற்குள் ஒலி காற்றில் கடப்பது மூன்றரை சென்டிமீட்டர்கூட இருக்காது. இவ்வளவு குறுகிய ஒலி என்பதால் முன்னால் இருக்கும் கிளையின் எதிரொலியும் பின்னால் இருக்கும் சுவரின் எதிரொலியும் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. ஒரு மீட்டர் தொலைவிலுள்ள பொருளின் எதிரொலி சுமார் 6 மில்லிநொடியில் காதுக்குத் திரும்பிவிடும். எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்பதே எவ்வளவு தூரம் என்பதற்கு விடை.

தூரம் சரி. திசையை எப்படிப் பிடிக்கிறது? எனக்கு இந்த வௌவாலிடம் மிகவும் பிடித்த பகுதி இதுதான். இதற்கு அடுப்பங்கரைக்குப் போகலாம்.

அடுப்பில் தோசைக்கல் காய்கிறது. நடுவில் நல்ல சூடு, ஓரத்துக்குப் போகப்போகச் சூடு குறைவு. ஒருவர் கண்ணை மூடிக்கொள்கிறார். இன்னொருவர் கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுகிறார். ‘சுர்’ரென்ற சத்தத்தை மட்டும் கேட்டு, சொட்டு எங்கே விழுந்தது என்று சொல்ல வேண்டும். சொட்டு நடுவில் விழுந்தால் சொல்வது கடினம். அது ஒரு விரல் தள்ளி விழுந்திருந்தாலும் சத்தம் ஏறக்குறைய அதேதான். நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே, சூடு சட்டென்று இறங்கும் அந்தச் சரிவில் விழுந்தால் கதை வேறு. அங்கே ஒரு விரல் உள்ளே போனால் ‘சுர்’, ஒரு விரல் வெளியே வந்தால் வெறும் முனகல்.

வௌவால் அனுப்பும் ஒலிக்கற்றைக்கும் இதே குணம். நடுவில் வலு அதிகம், பக்கங்களில் வலு சரிகிறது. கற்றையின் நடுவைப் பழத்தின் மேல் வைத்தால் எதிரொலி பலமாக வரும். ஆனால் பழம் சற்று இடமோ வலமோ நகர்ந்தால் அது தெரியாது. சரிவை அதன் மேல் வைத்தால் சிறு நகர்வுகூட எதிரொலியின் வலுவை மாற்றிக் காட்டிக்கொடுக்கும்.

வௌவால் உண்மையில் செய்வது இதைத்தான் என்று 2010இல் தெரியவந்தது. இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தில் யோசி யோவெல், நாகும் உலனோவ்ஸ்கி ஆகியோர் அடங்கிய குழு, இருட்டறையில் ஓர் உருண்டையின் மேல் வந்து உட்காரும்படி இவ்வௌவால்களைப் பழக்கியது. சுற்றிலும் ஒலிவாங்கிகள். சொடுக்குகள் இரண்டிரண்டாக, ஏறத்தாழ 20 மில்லிநொடி இடைவெளியில் வந்தன. எதுவும் உருண்டையை நேராகக் குறிவைக்கவில்லை. ஒன்று அதன் இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம். அடுத்த ஜோடியில் முதலில் வலம், பிறகு இடம். கற்றையின் வலு மிகச் செங்குத்தாகச் சரியும் பகுதிதான் உருண்டையின் மேல் விழுந்தது. தோசைக்கல்லை ஒரு முறை இடப்பக்கமும் ஒரு முறை வலப்பக்கமும் நகர்த்தி, அதே சொட்டைச் சரிவிலேயே விழவைப்பது போன்ற வேலை. இத்தனைக்கும் தலையோ வாயோ திரும்புவதாகத் தெரிவதில்லை.

இதற்கு விலை உண்டு. கற்றையின் சரிவில் வலு குறைவு, அதனால் எதிரொலி மெலியும். தொலைவிலுள்ள சிறு பொருள் காதில் விழாமல் போகலாம். ‘அங்கே ஏதோ இருக்கிறது’ என்று முன்கூட்டி அறிவதைவிட ‘சரியாக எங்கே இருக்கிறது’ என்பதையே இந்த வௌவால் தேர்ந்துகொண்டிருக்கிறது. கூரையில் தொற்றிக்கொள்ள வேண்டிய பிராணிக்கு அது சரியான தேர்வு என்றே நினைக்கிறேன். சுற்றிலும் தடைகள் நெருக்கமாக இருந்தால் இரண்டு கற்றைகளுக்கும் இடையிலான கோணத்தை அகலமாக்கி, சொடுக்கின் வலுவையும் கூட்டிக்கொள்கிறது.

இருட்டுக் குகை கைவசமானதால், பகலில் ஒதுங்க இதற்கு மரம் மட்டுமே கதி என்றில்லை. சஹாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிலும், நைல் பள்ளத்தாக்கிலும், இஸ்ரேல், லெபனான், தெற்குத் துருக்கி, சைப்ரஸிலும், அரேபியத் தீபகற்பம், ஈரான், பாகிஸ்தான் வரையிலும் இது வாழ்கிறது. தொடர்ச்சியான பரப்பு அல்ல, திட்டுத்திட்டானது. குகையோ கைவிட்ட கட்டடமோ ஒரு பக்கம், ஆண்டு முழுக்கப் பழம் இன்னொரு பக்கம். இரண்டும் பறக்கும் தூரத்துக்குள் அமைய வேண்டும்.

நல்ல குகையை இது எளிதில் விடுவதில்லை. உகாண்டாவின் கிட்டாக்கா சுரங்கத்தில் 2007இல் தொழிலாளர்களுக்கு மார்பர்க் என்னும் கொடிய வைரஸ் காய்ச்சல் வந்தது. அந்த வைரஸ் இவ்வௌவால்களிடம் இருப்பது உறுதியானது. 2008இல் அங்கிருந்த கூட்டத்தையே கொன்றழித்தார்கள். 2012இல் பார்த்தபோது ஒரு சிறு கூட்டம் திரும்பக் குடியேறியிருந்தது; அதில் வைரஸ் தொற்றிய வௌவால்களின் விகிதம் முன்பைவிட இரு மடங்குக்கும் மேல். கொன்று தீர்ப்பது அறமும் அல்ல, மருந்தும் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

குகையை விட்டு வெளியே வந்ததும் பெரிய பொறுப்பு கண்ணுக்குப் போகிறது. தெரிந்த மரத்தை நோக்கிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்கூட ஏறக்குறைய நேர்கோட்டில் பறக்கிறது. நாக்கும் ஓய்வதில்லை. வெளிச்சம் குறையக் குறையச் சொடுக்கு கூடுகிறது. மரத்தில் இறங்கும் நேரத்தில் இன்னும் நெருக்கமாகிறது.