உம்மும்மா ஏன் கசாயம் குடித்தார்?

உம்மும்மாவின் மார்புப் புற்றுநோய் எலும்பு வரை பரவிவிட்டது. "குணப்படுத்த இயலாது, வலியைக் குறைக்கலாம்" என்றார் டொக்டர். அடுத்த வாரமே கண்டிச் சந்தையில் வாங்கிய கட்டு அனோதா இலை எங்கள் குசினியில் கொதித்தது.

விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் எனக்குக் கோபம். அந்த இலைச்சாறு ஆய்வுகூடத்தில் புற்றுக் கலங்களைக் கொல்லலாம். மனிதரைக் குணமாக்கியதற்கு நிரூபணமில்லை. மூலிகை எல்லாம் வீண் என்று சொல்லவில்லை. முற்றத்து நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து வந்தது. ஆனால் அதைப் பிரித்தெடுத்து, அளவு பார்த்து ஏற்றுகிறார்கள். அவித்த இலையில் அளவு ஏது? சில மூலிகைகள் ஈரலையும் தாக்கும்.

2003இல் நோய் தெரிந்த ஸ்டீவ் ஜொப்ஸ், சத்திரசிகிச்சையை ஒன்பது மாதம் தள்ளிப்போட்டு உணவு முறைகளை நம்பினார். அவருக்கு வேறு வழி இருந்தது. உம்மும்மாவுக்கு?

கசாயம் சொன்ன வைத்தியரிடம் ஒருநாள் நானும் போனேன். பசி, தூக்கம், பிள்ளைகள் என்று அரை மணி நேரம் விசாரித்தார். கிளினிக்கில் நீண்ட வரிசை, எங்களுக்குச் சில நிமிடங்கள்தான். யூனானியையும் சித்தத்தையும் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டமே ஏற்ற நாட்டில், உம்மும்மாவுக்கு இது "மாற்று" வைத்தியமாகவும் தெரியவில்லை.

"சும்மா ஈக்க ஏலா மகள். இதக் குடிச்சா நானும் என்னமோ செய்ற மாதிரி ஈக்கி" என்றார்.

டொக்டரிடம் மறைத்திருந்தோம். அடுத்த கிளினிக்கில் நானே சொன்னேன். அவர் ஏசவில்லை. ஈரல் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, இரவில் தூக்கம் வருகிறதா என்று உம்மும்மாவிடம் முதன்முறையாகக் கேட்டார்.