துவிச்சக்கரவண்டியும் மலைவழியும்

துவிச்சக்கரவண்டியிலுள்ள கியர் அமைப்பு ஓட்டுபவருக்குப் புதிய வலுவைக் கொடுப்பதில்லை. உள்ள வலுவைச் செலவிடும் முறையையே அது மாற்றுகின்றது. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். முன்னாலுள்ள பற்சக்கரத்தில் 48 பற்களும் பின்னாலுள்ளதில் 16 பற்களும் இருப்பின், மிதிகட்டை ஒரு சுற்றுச் சுற்றும்போது பின்சில்லு மூன்று முறை சுழலும். பின்னால் 24 பற்கள் கொண்ட சக்கரத்துக்குச் சங்கிலியை மாற்றினால், சில்லு இரண்டு முறையே சுழலும். செல்லும் தூரம் மூன்றிலொரு பங்கு குறைய, காலால் அழுத்தவேண்டிய விசையும் அதே பங்கு குறைந்துவிடுகின்றது.

ஒற்றைக் கியர் வண்டியில் இந்தத் தெரிவு இல்லை. யாழ்ப்பாணத்துச் சமதரையில் அது பெருங்குறையன்று. சங்கிலி நேராக ஓடும், பழுதாகும் உறுப்புக்களும் சில. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுபவருக்கோ கதை வேறு.

மலையேற்றத்தில் இந்த வேறுபாடு பிரான்சு தேசத்தில் நெடுங்கால வழக்காகவே இருந்தது. 1903 இல் 'தூர் த பிரான்ஸ்' ஓட்டப்போட்டியைத் தொடக்கிய ஆன்றி தெகிராஞ்ச், கியர் மாற்றும் கருவி வயது சென்றோர்க்கே உரியது என்று எண்ணினார். வீரனின் தசைவலுவே வெல்லவேண்டும் என்பது அவர் கொள்கை. தசைவலுவைச் சோதிக்க மலை ஒன்றே போதாதா என்று நமக்குக் கேட்கத் தோன்றுகின்றது. 1910 இல் போட்டி பிரனீசு மலைகளுக்குள் புகுந்தது. 2,115 மீற்றர் உயரமான தூர்மலே கணவாயில், அவ்வாண்டின் வெற்றிவீரரான ஒக்தாவ் லாப்பீசே இடையிடையே வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

அக்காலத்து வீரர்கள் பின்சில்லின் இருபுறமும் வெவ்வேறு அளவான பற்சக்கரங்களைப் பூட்டிக்கொள்வதுண்டு. மலையடியில் இறங்கிச் சில்லைக் கழற்றித் திருப்பிப் பூட்டுவார்கள்; உச்சியை அடைந்ததும் மீண்டும் அதே வேலை. குளிரில் விறைத்த விரல்களால் மரையைத் திருகுவது எத்தகைய பாடு! இதற்கிடையில் சென் எத்தியென் நகரத்துப் போல் த விவீ என்பவர், பல கியர் கொண்ட வண்டிகளைத் தாமே அமைத்து, மலைவழிகளில் ஓட்டிக் காட்டிவந்தார். அவற்றின் சிறப்பைத் தம் சஞ்சிகையிலும் இடைவிடாது எழுதினார்.

தெகிராஞ்ச் நோயுற்று விலகியபின், 1937 இலேயே அப்போட்டியின் வீரர்கள் யாவருக்கும் கியர் மாற்றும் கருவி அனுமதிக்கப்பட்டது. அவ்வாண்டு ரொசே லாப்பெபி அதனைப் பயன்படுத்தி வெற்றிபெற்றார். மேடில்லாத ஓடுகளங்களில் நடைபெறும் போட்டிகளில் ஒற்றைக் கியர் வண்டியே இன்றும் ஓடுகின்றது.