கோச் இருக்காரே, விஞ்ஞானி எதுக்கு?

மாவட்ட அளவில் ஓடும் பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு இந்தச் சந்தேகம் உண்டு. நியாயமான கேள்விதான்.

விளையாட்டு விஞ்ஞானியின் வேலை எடை மெஷினில் தொடங்குகிறது. 60 கிலோ வீரர் பயிற்சி முடிந்ததும் 1.2 கிலோ குறைந்திருந்தால், கொழுப்பு கரைந்துவிட்டது என்று சந்தோஷப்படக் கூடாது; போனது பெரும்பாலும் வியர்வை. இந்த 2 சதவீத இழப்பே ஓட்டத்தை மந்தமாக்கிவிடும், நம்ம ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். காது மடலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து லாக்டேட் அளவு பார்ப்பதும் உண்டு. எந்த வேகம் வரை உடம்பு தாங்கும் என்பது அதில் தெரியும். "இன்னிக்குப் போதும்" என்று கோச்சிடம் சொல்லும் தைரியமும் இவருக்கு வேண்டும்.

சளி மாத்திரை விஷயம் இன்னும் முக்கியம். சூடோஎபெட்ரின் கலந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு களமிறங்கி, சிறுநீரில் அது வரம்பைத் தாண்டினால் பதக்கம் போகும், தடையும் வரலாம். "தெரியாம சாப்பிட்டேன்" என்பது மட்டும் காப்பாற்றாது. மாத்திரை வாங்கியதும் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் அதன் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

இதைப் படிக்க வெளிமாநிலம் போக வேண்டியதில்லை. சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் 2005 முதல் இயங்குகிறது. உடற்பயிற்சி உடலியங்கியல், விளையாட்டு உளவியல் போன்ற துறைகள் அங்கே உண்டு. முடித்தவர்கள் வகுப்பும் எடுக்கலாம், அணியோடு மைதானத்திலும் நிற்கலாம். சேர்க்கை விவரங்களைப் பல்கலைக்கழக இணையதளத்தில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.