விஞ்ஞானப் போட்டிக்கு நடுவராகச் செல்வோர் கவனத்திற்கு

மாணவர் விஞ்ஞானப் போட்டிக்கு நடுவராக வருமாறு பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால், "நமக்கு விஞ்ஞானம் என்ன தெரியும்?" என்று தயங்கும் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் பலர். பட்டம் பெற்ற நானும் முதன்முறை தயங்கியே சென்றேன். அன்று நான் செய்த பிழைக்குக் காரணம் விஞ்ஞானம் அறியாமை அன்று, கேள்வி கேளாமையே.

தாம்பரத்தை அடுத்த அஸ்தினாபுரத்தில், ஒரு பள்ளியில் அப்போட்டி நடைபெற்றது. மின்விளக்குகள் ஒளிர, மோட்டார் சுழல நின்ற ஒரு மாதிரி அமைப்பு என் கண்ணைக் கவர்ந்தது. அதற்கு மிகுந்த மதிப்பெண் அளித்தேன். அடுத்து, ஒரு நோட்டுப் புத்தகமும் முடிச்சிட்ட கயிறுமாக இரு சிறுமியர் நின்றனர். தம் தெருக் கிணறுகளின் நீர்மட்டத்தை வாரந்தோறும் அளந்ததாகக் கூறினர். குறைந்த மதிப்பெண் இட்டு நகர்ந்தேன்.

உடனிருந்த நடுவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், அச்சிறுமியரிடம் ஒரே கேள்வி கேட்டார்: "எந்த நேரத்தில் அளந்தீர்கள்?"

"விடியற்காலையில், ஐயா. மோட்டார் போட்ட பிறகு அளந்தால் தண்ணீர் கீழே இறங்கிவிடுகிறது. முதல் இரண்டு வாரக் கணக்கு அதனால் தவறிப்போயிற்று, அதை அடித்துவிட்டோம்."

நீர் இறைக்கும்போது கிணற்றின் மட்டம் தாழ்ந்து, இரவில் ஊற்றெடுத்து மீண்டும் உயர்கிறது. விடியற்காலை அளவே ஓரளவு நம்பத்தக்கது. இதனைத் தாமே கண்டறிந்து, தம் தவற்றையும் மறையாது உரைத்தனர் அச்சிறுமியர். விஞ்ஞானம் என்பது இதுவே. நான் திரும்பிச் சென்று, இரு பணிகளையும் மீண்டும் ஆராய்ந்து மதிப்பெண்ணைத் திருத்தினேன். அவ்வாசிரியர் கேளாதிருந்தால், உழைத்த இரு குழந்தைகள் ஊக்கமிழந்து வீடு திரும்பியிருப்பர்.

1993-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டின் நோக்கமும் இதுவேயாகும். 10 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தம் ஊரின் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து, தாய்மொழியிலேயே விளக்கலாம்.

நடுவர் கேட்க வேண்டியவை நான்கே:

1. இக்கேள்வி உங்களுக்கு எவ்வாறு தோன்றியது?
2. எதனை, எவ்வாறு, எத்தனை முறை அளந்தீர்கள்?
3. எதிர்பாராத விடை வந்தபோது என்ன செய்தீர்கள்?
4. இதில் உங்கள் கையால் செய்தது எது?

செலவைக் கண்டு மதிப்பெண் இடலாகாது. எல்லாப் பணிகளையும் பார்த்த பின்னரே மதிப்பெண்ணை முடிவு செய்தல் வேண்டும். உறவினர் பிள்ளைகள் பங்குபெற்றால், அக்குழுவை வேறு நடுவரிடம் ஒப்படைத்தல் முறை. பரிசு பெறாதோரிடமும் ஒரு நல்ல சொல் கூறி அனுப்புதல் வேண்டும்.

மண்ணையும் நீரையும் நாள்தோறும் காணும் விவசாயிக்கு இக்கேள்விகள் அரியன அல்ல; எண் மெய்யா, பொய்யா என்பதை அவர் எளிதில் உணர்வார்.

பணி பரிசளிப்போடு முடிந்துவிடாது. உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22-இல் கூடும் கிராம சபையில், நம் ஊர்ப் பிள்ளைகள் எடுத்த கிணற்றுக் கணக்கை அவர்களையே படிக்கச் செய்வோமாக. ஊரார் செவிமடுத்துக் கேட்பதைவிடப் பெரிய பரிசு அவர்களுக்கு வேறில்லை.